காவலுக்கொரு காவல்: உடலின் ஒழுங்காக்குங் கலங்கள் அறியப்பட்ட வரலாறு

நாட்டைக் காத்தற்குப் படை வேண்டும். படையில்லா நாடு பகைவர்க்கு இரையாகும். ஆயின், அப்படை தன் நாட்டு மக்கள்மீதே திரும்புமாயின் பகைவர் விளைக்குங் கேட்டினும் பெருங்கேடு விளையும். வேலியே பயிரை மேயுமாயின் பயிரைக் காப்பார் யாவர்? அரசியல் நூலோர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா மனித உடலினுள்ளும் எழுவதாகும். பற்றீரியா, வைரசு முதலாய நுண்ணுயிர்களை அழித்தொழிக்கும் ஆற்றல் வாய்ந்த வெண்குருதிக்கலங்கள் குருதியிலும் நிணநீரிலும் இடையறாது உலவுகின்றன. அவை தாம் உலவும் உடலையே தாக்காதிருப்பதற்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு உரிய விடையின் ஒரு பகுதியைக் கண்டறிந்தமைக்காக யப்பானியராகிய ஷிமோன் சக்காகுச்சி, அமெரிக்கராகிய மேரி பிரங்கவ், பிரெட் றாம்ஸ்டெல் என்னும் மூவர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நொபெல் பரிசு வழங்கப்பட்டது. பரிசுச் செய்தியை மாத்திரம் படிப்போர், இம்மூவரும் ஒரு நேர்வழியில் நடந்து இலக்கை அடைந்தனர் என்று எண்ணுதல் கூடும். உண்மை அதுவன்று. இவ்வரலாற்றின் நடுவே ஒரு பெருஞ் சறுக்கல் உண்டு. மெய்யான ஒரு கருத்து நிலையற்ற ஒரு சான்றோடு பிணைக்கப்பட்டது. சான்று வீழ்ந்தபொழுது கருத்தும் உடன் வீழ்ந்தது. பத்தாண்டுக்கு மேலாக அதனைப் பேசுவோர் அருகினர். வீழ்ந்த கருத்து மீண்டெழுந்த வகையே ஈண்டு ஆராயப்படுவது.

வினாவின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் ஜேர்மானிய அறிஞர் பவுல் ஏர்லிச் என்பவர் தம் துணைவரோடு கூடி ஆடுகளிற் சில பரிசோதனைகளை நிகழ்த்தினார். ஓர் ஆட்டினது குருதியை இன்னோர் ஆட்டின் உடலிற் செலுத்தியபொழுது, பெற்ற ஆட்டின் உடலிலே, அயலாட்டின் செங்குருதிக்கலங்களைச் சிதைக்கும் பிறபொருளெதிரிகள் தோன்றின. ஆனால் அவை தம்மைத் தோற்றுவித்த ஆட்டின் சொந்தக் கலங்களைச் சிதைக்கவில்லை. உடல் தனக்குத் தானே நஞ்சாதலை அஞ்சி ஒதுக்குகின்றது என்னும் பொருள்பட ஏர்லிச் இதற்கு இலத்தீன் மொழியில் ஒரு பெயரிட்டார். அங்ஙனம் தன்னைத் தாக்காதிருத்தற்கு உடலில் ஏதோ ஓர் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்தாயிற்று. 1908இல் மெச்சினிக்கோவ் என்னும் உருசிய அறிஞரோடு அவர் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஏர்லிச்சின் பெருமை காரணமாக, உடல் தன்னைத் தானே தாக்குதல் என்பது நிகழாத ஒன்றெனப் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். 1956இல் அந்நம்பிக்கை தளர்ந்தது. அவ்வாண்டிலே, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி வீங்கிக் கெடும் ஒருவகை நோயாளரின் குருதியில், அச்சுரப்பியின் புரதத்தையே தாக்கும் பிறபொருளெதிரிகள் இருத்தலை இலண்டன் ஆய்வாளர் கண்டனர். முயல்களிலும் அத்தகைய நோயை உண்டாக்கலாம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் அதே காலத்திற் காட்டினர். வேலி பயிரை மேய்தலும் உண்டு என்பது தெளிவாயிற்று. அதன்பின், பெரும்பாலாரிடத்தில் வேலி பயிரை மேயாதிருப்பது எதனால் என்னும் வினா முன்னையினும் கூர்மை பெற்றது.

அதற்கு ஒரு விடை ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. தாய்வயிற்றில் ஒரே குருதியோட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பின்னும் ஒன்றன் குருதிக்கலங்களை மற்றொன்று தாங்கி நிற்றலை 1945இல் றே ஓவென் என்பவர் கண்டார். பிறக்குமுன் உடல் சந்தித்தவற்றைத் தன்னுடையவை எனவும், பின்னர் சந்திப்பவற்றை அயல் எனவும் அது கொள்ளுகின்றது போலும். அவுஸ்திரேலிய அறிஞர் பேர்ணெற் இக்கருத்தை விரித்துரைத்தார். இங்கிலாந்தில் மெடாவரும் அவர்தந் துணைவரும் சுண்டெலிக் கருக்களில் அயற்குலக் கலங்களைச் செலுத்தி, அவை வளர்ந்தபின் அக்குலத்தின் தோலொட்டை ஏற்றுக்கொள்வதை 1953இல் நிறுவினர். பேர்ணெற்றும் மெடாவரும் 1960இல் நொபெல் பரிசு பெற்றனர். தன்னுடலைத் தாக்கக்கூடிய கலங்கள் இளமையிலேயே அழிக்கப்படுகின்றன என்பது 1957இல் பேர்ணெற் வெளியிட்ட கொள்கையின் ஒரு கூறாகும். படையிற் சேருமுன்னரே துரோகிகள் களையப்படுகின்றனர் என்பது இதன் சாரம்.

பயனற்றதெனப்பட்ட சுரப்பி

களையெடுக்கும் அக்களம் எங்கேயுள்ளது? மார்பெலும்பின் பின்னே, இருதயத்துக்கு மேலே, தைமசு என்னும் சுரப்பியொன்று உண்டு. குழந்தைப் பருவத்திற் பெரிதாயிருந்து வயது ஏற ஏறச் சுருங்குவது அது. வளர்ந்த விலங்குகளில் அதனை அகற்றினால் பெருந்தீங்கு யாதும் தோன்றாமையின் அதனைப் பயனற்ற எச்சமெனவே பலர் கருதினர். இலண்டனிலே சுண்டெலிகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடனேயே அச்சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அச்சுண்டெலிகளில் நிணநீர்க்கலங்கள் குறைந்தன; நோய்கள் எளிதிற் பற்றின; அயற்குலத் தோலொட்டைத் தள்ளும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லாதொழிந்தது. 1961இல் வெளியான இம்முடிவினால், தைமசு என்பது காவற் கலங்கள் பயிற்சி பெறும் கூடம் என்பது அறியப்பட்டது. அங்கே முதிரும் கலங்களே பின்னர் ரீ கலங்கள் எனப்பட்டன.

பேர்ணெற் கூறிய களையெடுப்பு அத்தைமசினுள் உண்மையாகவே நிகழ்கின்றது என்பது 1987இல் அமெரிக்காவிலே கப்ளர், மராக் என்போரின் ஆய்வினால் நேரே காட்டப்பட்டது. எனினும் அக்களையெடுப்பு நிறைவுடையதன்று. நலமாயுள்ள மனிதரின் குருதியிலும் தன்னுடலைத் தாக்கக்கூடிய ரீ கலங்கள் உள்ளன. அரிதட்டின் கண்களூடே தப்பிவந்த இக்கலங்கள் வாளாவிருப்பது ஏன்? களையெடுப்புக் கொள்கை ஒன்றினால் மாத்திரம் இதற்கு விடை கூற இயலாது.

மூன்றாம் நாளின் புதிர்

1969இல் யப்பானிலே நகோயா நகரிலுள்ள ஐச்சிப் புற்றுநோய் நிலையத்திலிருந்து நிசிசூக்கா, சக்காகுரா என்னும் இருவர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். பெண் சுண்டெலிகளுக்குப் பிறந்த மூன்றாம் நாளிலே தைமசை அகற்றினால் அவற்றின் சூலகங்கள் பின்னர் சிதைந்துபோகின்றன. ஏழாம் நாளில் அகற்றினால் அத்தகைய கேடு நேர்வதில்லை. தைமசு ஏதோவோர் ஓமோனைச் சுரந்து சூலகத்தைப் பேணுகின்றது போலும் என்ற எண்ணம் முதலில் எழுந்தது. ஆனால் மேலும் ஆராய்ந்தபொழுது, சூலகம் பட்டினியால் வாடவில்லை, தாக்கப்பட்டே அழிந்தது என்பது வெளிப்பட்டது. சுண்டெலியின் குலவகைக்கேற்பத் தைரொயிட்டும் இரைப்பையும் பிற அங்கங்களும் அங்ஙனமே தாக்கப்பட்டன.

இதனுள் அடங்கிய முரண்பாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். தைமசு காவற் கலங்களின் பயிற்சிக்கூடமாயின், அதனை அகற்றும்பொழுது காவல் குறைதல் வேண்டும். மில்லர் கண்டது அதுவே. ஈண்டோ காவல் வெறிகொண்டெழுகின்றது. படையைக் குறைத்தமையாற் கலகம் பெருகிற்று என்றால், குறைந்துபோனது எது? கலகத்தை அடக்கி வைத்திருந்த ஒரு பிரிவே குறைந்துபோயிருத்தல் வேண்டும். அப்பிரிவு மூன்றாம் நாளளவிலேதான் தைமசைவிட்டு வெளிவரத் தொடங்குகின்றது எனக் கொண்டால் புதிர் அவிழும். மூன்றாம் நாளிற் சுரப்பியை எடுத்தால், தாக்குங் கலங்கள் முன்னரே வெளிவந்திருக்கும். அடக்குங் கலங்களோ உள்ளேயே ஒழிந்துபோகும். ஏழாம் நாளளவில் இருவகைக் கலங்களும் வெளிவந்துவிடும்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

அடக்குங் கலங்கள் உண்டு என்னும் கருத்து அதே காலத்தில் அமெரிக்காவிலும் வேறொரு வழியால் எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சட் கேர்சன் என்பவர், கொண்டோ என்னும் ஆய்வாளரோடு 1970இலும் 1971இலும் வெளியிட்ட கட்டுரைகளில், ஒரு பொருளைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய சுண்டெலியின் தைமசுவழிக் கலங்களை வேறொரு சுண்டெலிக்கு மாற்றினால், அப்பொறுமையும் கூடவே மாறுகின்றது எனக் காட்டினார். நோய் தொற்றுவதுபோலப் பொறுமையும் தொற்றிற்று. இக்கலங்கள் அடக்குங் கலங்கள் எனப் பெயர் பெற்றன.

அடுத்த பத்தாண்டு அடக்குங் கலங்களின் பொற்காலமாகத் தோன்றிற்று. உலகின் பல ஆய்வுகூடங்கள் அவற்றை ஆராயப் புகுந்தன. அடக்குங் கலத்தை ஏவுங் கலம், அதனை ஏவும் இன்னொரு கலம், இவற்றிடையே தூது செல்லும் கரையும் பொருள்கள் எனச் சங்கிலி நீண்டது. ஆனால் அக்கலத்தைப் பிற கலங்களினின்றும் பிரித்தறிதற்கு உறுதியான அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. 1976இல் அத்தகைய அடையாளம் கிடைத்தது எனப்பட்டது. சுண்டெலியின் பதினேழாம் நிறமூர்த்தத்திலே, இழைய ஒவ்வாமையைத் தீர்மானிக்கும் பகுதியினுள்ளே, ஐ-ஜே என்னும் பரம்பரையலகு ஒன்று உள்ளதென்றும், அதுவே அடக்குங் கலங்களுக்கு முத்திரையிடுகின்றது என்றும் நம்பப்பட்டது.

1980களின் தொடக்கத்தில் பரம்பரையலகுகளின் இரசாயன எழுத்துக்களையே நேராக வாசிக்கும் முறை கைவந்தது. ஐ-ஜே இருப்பதாகக் கூறப்பட்ட இடத்தை வாசித்துப் பார்த்தவர்கள், அங்கே அத்தகைய அலகு ஒன்று இருத்தற்கு இடமே இல்லையெனக் கண்டனர். 1983 அளவில் இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே கேர்சனும் காலமானார். முத்திரை பொய்யாயின், முத்திரை இடப்பட்ட கலமும் பொய்யே என்பது பலர் துணிபாயிற்று. அடக்குங் கலம் என்னும் சொல்லே ஆய்வாளரிடையே நகைப்புக்கு இடமாயிற்று.

இங்கு நிகழ்ந்த தவறு யாதென்பதை நிதானித்து அறிதல் வேண்டும். ஐ-ஜே என்னுஞ் சான்றைத் தள்ளியோர் செய்தது முற்றிலும் நேரியதே. இல்லாத அலகை இல்லையென்று கூறாது விடுதல் அறிவியலாகாது. ஆனால் அச்சான்றோடு யாதொரு தொடர்புமில்லாத மூன்றாம் நாட் பரிசோதனை அப்பொழுதும் மறுக்கப்படாது நின்றது. நகோயாவின் சுண்டெலிகளுக்கு ஐ-ஜே இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூலகம் சிதைந்தது. நலமான சுண்டெலியின் ரீ கலங்களைக் கொடுத்தால் அச்சிதைவு தடைப்பட்டது. விடை பிழைத்தமையால் வினாவும் இல்லாதொழிந்தது எனக் கொண்டதே அக்காலத்தோர் பலர் செய்த பிழை.

வினாவைக் கைவிடாதவர்

1951இற் பிறந்து, கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் 1976இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஷிமோன் சக்காகுச்சி, நிசிசூக்காவின் பரிசோதனையால் ஈர்க்கப்பட்டு நகோயாவுக்குச் சென்று அவரிடமே பணிபுரிந்தார். தைமசு இழந்த சுண்டெலிகளின் நோயை, நலமான சுண்டெலிகளின் ரீ கலங்களைச் செலுத்தித் தடுக்கலாம் என்பதை 1982இல் வெளியான அவர்களது கட்டுரை தெளிவாக்கிற்று. பின்னர் அமெரிக்கா சென்று, அடக்குங் கலங்களின் பெயர் கெட்டிருந்த அக்காலத்திலே, பல ஆய்வுகூடங்களில் அதே வினாவைத் தொடர்ந்தார்.

அவர் கைக்கொண்ட முறை எளியது. நலமான சுண்டெலியின் ரீ கலங்களை எடுத்து, அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஏதேனுமொரு புரதத்தை அடையாளமாகக் கொண்டு இரு கூறாகப் பிரித்தல். ஒரு கூற்றை நீக்கி, மற்றக் கூற்றைத் தைமசு இயல்பாகவே இல்லாத சுண்டெலிக்குச் செலுத்துதல். நோய் தோன்றுகின்றதா என நோக்குதல். நோய் தோன்றின், நீக்கப்பட்ட கூற்றிலேயே அடக்குங் கலங்கள் உள்ளன எனலாம். 1985இல் இம்முறையால் ஓரளவு வெற்றி கிட்டிற்று. ஆயினும் அப்பொழுது கொண்ட அடையாளம் மிக அகன்றது. சல்லடையின் கண்ணைச் சிறிது சிறிதாக ஒடுக்கிச் செல்லவேண்டியிருந்தது.

1995இல் அது கைகூடிற்று. சீடீ 25 என்னும் புரதத்தைத் தாங்கிய கலங்கள், நலமான சுண்டெலியின் உதவி ரீ கலங்களில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. அவற்றை நீக்கி எஞ்சியவற்றைச் செலுத்தியபொழுது தைரொயிட்டு, இரைப்பை, சூலகம் எனப் பல அங்கங்கள் தாக்கப்பட்டன. நீக்கியவற்றை உரிய காலத்தில் மீண்டுஞ் சேர்த்தபொழுது நோய் தடைப்பட்டது. அடுத்த ஆண்டிலே, இச்சீடீ 25 கலங்கள் பிறந்து மூன்று நாளளவிலேதான் தைமசிலிருந்து வெளிவரத் தொடங்குகின்றன என்பதும் அவர்தங் குழுவினராற் காட்டப்பட்டது. 1969ஆம் ஆண்டின் புதிர் இருபத்தேழு ஆண்டுகளின் பின் அவிழ்ந்தது. பழைய பெயரின் மாசு ஒட்டாதிருத்தற்பொருட்டு, இக்கலங்கள் அடக்குங் கலங்கள் என்று அழைக்கப்படாது ஒழுங்காக்குங் கலங்கள் என்று அழைக்கப்படலாயின.

ஐயம் உடனே நீங்கிவிடவில்லை. சாதாரண ரீ கலமும் போருக்கு எழும்பொழுது சீடீ 25ஐத் தற்காலிகமாக அணிந்துகொள்ளும். ஆகவே இது தனிப்பிரிவின் முத்திரையா, எழுச்சியின் அறிகுறி மாத்திரமா என்று கேட்டவர்கள் நேர்மையான வினாவையே கேட்டனர். அத்தகைய ஐயமுடையோருள் ஒருவராயிருந்த அமெரிக்க அறிஞர் செவாக், தம் ஆய்வுகூடத்திலே அப்பரிசோதனையைத் தாமே செய்து பார்த்து மனம் மாறினார். சீடீ 25 கலங்கள் ஏனைய ரீ கலங்கள் பெருகுவதைக் கண்ணாடிக் கலனிலேயே தடுப்பதை 1998இல் அவருடைய குழுவும் சக்காகுச்சியின் குழுவும் தனித்தனியே வெளியிட்டன.

செதிற்றோற் சுண்டெலி

இவற்றோடு யாதொரு தொடர்பும் இன்றி, வேறொரு நாட்டிலே இன்னொரு வரலாறு அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில் ஓக் றிட்ஜ் என்னுமிடத்திலே, அணுக்குண்டு ஆக்கும் முயற்சிக்கென அமைக்கப்பட்ட பெரும் ஆய்வுநிலையம் உண்டு. கதிர்வீச்சினாற் பரம்பரைக்கு நேருங் கேட்டை அறிதற்காக அங்கே எண்ணிறந்த சுண்டெலிகள் வளர்க்கப்பட்டன. 1949இல், கதிர்வீச்சின் தொடர்பின்றி இயற்கையாக நேர்ந்த விகாரமொன்றினால், தோல் செதில் செதிலாய் உரியும் ஆண் குட்டிகள் சில பிறந்தன. அவற்றின் மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் பெருத்தன. சில வாரங்களில் அவை இறந்தன. பெண் குட்டிகளுக்குக் கேடில்லை. அவை இவ்விகாரத்தைத் தம் ஆண் மக்களிற் பாதிக்கு வழங்கின. எனவே குறை எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது என்பது தெளிவு. உடனடிப் பயன் எதுவும் தோன்றாதிருந்தும், அவ்வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிக்காக்கப்பட்டன.

1990களில் ஓக் றிட்ஜ் ஆய்வாளர், அக்குட்டிகளின் அங்கங்களைச் சிதைப்பவை அவற்றின் சொந்த ரீ கலங்களே என்பதைக் கண்டனர். வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒரு மருந்தாராய்ச்சி நிறுவனத்திற் பணிபுரிந்த மேரி பிரங்கவும் பிரெட் றாம்ஸ்டெலும் அக்குறைக்குரிய பரம்பரையலகைத் தேடப் புகுந்தனர். சுண்டெலியின் எக்ஸ் நிறமூர்த்தம் ஏறக்குறைய 17 கோடி இரசாயன எழுத்துக்களைக் கொண்டது. அத்துணைப் பெரிய நூலிலே ஓர் எழுத்துப்பிழையைத் தேடுவது அந்நாளில் எளிதன்று. முதலில் அவர்கள் தேடுமிடத்தை ஏறக்குறைய ஐந்து இலட்சம் எழுத்துக்களுக்கு ஒடுக்கினர். அதனுள் இருபது அலகுகள் இருக்கலாமெனக் கண்டு, ஒவ்வொன்றாக நலமான சுண்டெலியின் அலகோடு ஒப்பிட்டனர். இறுதியாக எஞ்சிய இருபதாவது அலகிலேயே பிழை இருந்தது. இரண்டே எழுத்துக்கள் மிகையாய்ப் புகுந்து, அதன்பின் வருவன அனைத்தையும் பொருளற்றனவாக்கியிருந்தன. முன்னர் அறியப்படாத அவ்வலகுக்குப் பொக்ஸ்பீ 3 எனப் பெயரிடப்பட்டது.

மனிதரிலும் இதனையொத்த ஒரு கொடுநோய் உண்டு. ஆண் குழந்தைகளுக்கே வருவது. பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ தீராத வயிற்றோட்டம், நீரிழிவு, தோல் அழற்சி ஆகியவற்றை ஒருங்கே விளைப்பது. தக்க சிகிச்சை இன்றேல் இளமையிலேயே உயிரைக் கவர்வது. ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இவ்வாறு மாண்டமை 1982இல் மருத்துவ ஏடொன்றிற் பதிவாயிற்று. அத்தாய்மார்க்கு நேர்ந்தது என்னவென்று சொல்லவல்லார் அக்காலத்தில் எவருமிலர். செதிற்றோற் சுண்டெலியின் குறையும் இக்குழந்தைகளின் குறையும் ஒன்றே, அது பொக்ஸ்பீ 3 அலகிலுள்ள குறையே என்பது 2001இல் நிறுவப்பட்டது.

மூன்று ஆறுகளின் சங்கமம்

நகோயாவில் மூன்றாம் நாளில் தைமசு இழந்த சுண்டெலி, ஓக் றிட்ஜில் தோல் உரிந்து இறந்த சுண்டெலி, மருத்துவமனையில் மாண்ட ஆண் குழந்தை ஆகிய மூன்றும் ஒரே உண்மையின் மூன்று முகங்கள் என்பது 2003இல் வெளிப்பட்டது. சக்காகுச்சியின் குழு, ருடென்ஸ்கி என்பவரின் குழு, றாம்ஸ்டெலின் குழு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஒரே முடிவை அறிவித்தன. பொக்ஸ்பீ 3 ஒழுங்காக்குங் கலங்களிலே சிறப்பாகத் தொழிற்படுகின்றது. அது இல்லையேல் அக்கலங்கள் உருவாவதில்லை. சாதாரண ரீ கலத்தினுள் அதனைப் புகுத்தினால் அக்கலமும் அடக்கும் ஆற்றலைப் பெறுகின்றது. ஐ-ஜே தரத் தவறிய உறுதியான அடையாளம் இருபது ஆண்டுகளின் பின் கிடைத்தது. இம்முறை அவ்வலகை வாசிக்கவும் முடிந்தது. அதன் பிழையால் விளையுங் கேட்டைச் சுண்டெலியிலும் குழந்தையிலும் காணவும் முடிந்தது.

தோன்றும் முறையும் தொழிலும்

இந்நாளில் அறியப்பட்டுள்ளவற்றைச் சுருக்கிக் கூறின் அவை பின்வருமாறு அமையும். என்பு மச்சையிற் பிறக்கும் முன்னோடிக் கலங்கள் தைமசை அடைந்து, ஒவ்வொன்றும் எழுந்தபடி அமைந்த ஒரு வாங்கியைப் பெறுகின்றன. தன்னுடற் பொருளை அவ்வாங்கியாற் சிறிதும் உணரமாட்டாத கலங்கள் பயனற்றனவாய் இறக்கின்றன. மென்மையாக உணர்பவை சாதாரணப் படையிற் சேர்கின்றன. மிக வன்மையாகப் பற்றிக்கொள்பவை பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. ஆயின் ஓரளவு வன்மையாகப் பற்றுவனவற்றுள் ஒரு பகுதி அழிக்கப்படாது, இன்ரலூக்கின்-2 என்னும் ஊக்கப்பொருளின் துணையோடு பொக்ஸ்பீ 3ஐ விழிப்பித்து ஒழுங்காக்குங் கலங்களாகின்றது. தன்னவரைத் தாக்கக்கூடியவருள்ளேயே தன்னவரைக் காப்போர் தெரிந்தெடுக்கப்படுதல் வியத்தற்குரியது. தைமசுக்கு வெளியேயும், சிறப்பாகக் குடலிலே, சாதாரண ரீ கலங்கள் சில இப்பணியை ஏற்கின்றன. உண்ணும் உணவையும் குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியாக்களையும் உடல் பகையெனக் கொள்ளாதிருப்பதற்கு இவையும் ஒரு காரணம். தாயின் உடல், பாதி தந்தையின் கூறாகிய கருவைத் தள்ளாதிருத்தற்கும் ஒழுங்காக்குங் கலங்கள் வேண்டும் என்பதைச் சுண்டெலிகளில் நிகழ்ந்த ஆய்வு 2004இற் காட்டிற்று.

அவை அடக்கும் வழிகள் பல. இன்ரலூக்கின்-2 இன்றிப் படை பெருகாது. ஒழுங்காக்குங் கலமோ அதனைத் தானே ஆக்காது, பிற கலங்கள் ஆக்கியதைத் தன் வாங்கியால் உறிஞ்சிக்கொள்ளும். சக்காகுச்சி அடையாளமாகக் கொண்ட சீடீ 25 உண்மையில் அவ்வாங்கியின் ஒரு கூறேயாகும். படையை வளர்க்கும் இன்ரலூக்கின்-2 இல்லாத சுண்டெலிகள் காவல் குன்றுவதற்கு மாறாகக் குடலழற்சியால் நோயுறுதல் 1993இற் காணப்பட்டது. அதன் காரணமும் இதனால் விளங்கிற்று. அப்பொருள் குன்றின் முதலில் வாடுவது ஒழுங்காக்குங் கலமே. மேலும், போருக்கு அழைக்குங் கலங்கள் தம் மேற்பரப்பில் ஏந்தும் அழைப்புக் கொடிகளை, ஒழுங்காக்குங் கலம் சீடீஎல்ஏ 4 என்னும் புரதத்தாற் பற்றி இழுத்து விழுங்கிவிடுகின்றது. அமைதிப்படுத்தும் பொருள்கள் சிலவற்றையும் அது சுரக்கின்றது.

அடக்கம் எப்பொழுதும் நன்மையே பயக்கும் என்பதற்கில்லை. புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றுள் ஒழுங்காக்குங் கலங்கள் திரண்டு நின்று, கட்டியைத் தாக்கவேண்டிய படையைத் தடுக்கின்றன. சீடீஎல்ஏ 4இன் தொழிலைத் தடுக்கும் மருந்து 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அம்மருந்தினாற் பயனடைவோர் சிலர்க்குக் குடலழற்சியும் சுரப்பிக் கோளாறுகளும் தோன்றுதல், கட்டுத் தளர்ந்த காவலின் இயல்பை மனிதரிலேயே காட்டுகின்றது. மறுபுறம், இன்ரலூக்கின்-2ஐச் சிற்றளவிற் கொடுத்து ஒழுங்காக்குங் கலங்களைப் பெருக்கலாம் என்பதை 2011இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அக்கலங்களையே வளர்த்து நோயாளர்க்குச் செலுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பொக்ஸ்பீ 3 குறையுடன் பிறக்குங் குழந்தைகள் சிலர் என்பு மச்சை மாற்றத்தினால் உயிர் தப்புகின்றனர். 1982இற் பெயரறியாது மாண்ட குழந்தைகளின் நோய்க்கு இன்று பெயருண்டு, காரணம் உண்டு, ஓரளவு பரிகாரமும் உண்டு.

வரலாறு உணர்த்துவது

ஏர்லிச் தம் ஆடுகளை ஆராய்ந்த காலந் தொடங்கி 2025 வரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலே, வென்றவரைப் போற்றித் தோற்றவரை இகழ்தல் எளிது. ஆனால் அது நீதியாகாது. கேர்சன் கேட்ட வினா மெய். அவர் காலத்தோர் அதற்குக் கட்டிய மாளிகையே மெலிது. அம்மாளிகையை இடித்தோர் செய்த பணியும் இன்றியமையாதது. இடித்தபின் அடித்தளத்தையும் மண்ணிட்டு மூடியதே அவர் குறை. சக்காகுச்சியின் சிறப்பு, பொய்த்த சான்றைக் காக்க முயலாமலும் பொய்க்காத பரிசோதனையைக் கைவிடாமலும் இருந்தமையே. பெயர் கெட்ட கருத்தைப் பெயர் கெட்டது என்பதற்காகத் தள்ளுதலும், புகழ் பெற்ற கருத்தைப் புகழ் பெற்றது என்பதற்காகக் கொள்ளுதலும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களாம்.

பிழையான விடை எழுதிய மாணவனின் தாளில் விடையை அடித்துவிடலாம். வினாவை அடித்துவிடுதல் இயலாது. வினா அடுத்த மாணவனுக்காகக் காத்திருக்கும். மூன்றாம் நாளில் தைமசை இழந்த அச்சிறு சுண்டெலிகள் எழுப்பிய வினாவும் அவ்வாறே காத்திருந்தது.